கொல்லையில் செங்கல் வளைவு தெரிந்தால் கடப்பாரையைக் கீழே வையுங்கள்

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, கடலூர் முதுநகரில் எங்கள் அத்தை வீட்டுக் கொல்லையிலிருந்த மாமரம் வேரோடு சாய்ந்தது. வேர்க்கட்டு பெயர்ந்த பள்ளத்தில் ஒரு செங்கல் வளைவின் முதுகு தெரிந்தது. இரண்டு விரல் கனமே உள்ள மெல்லிய செங்கற்கள், நெருக்கி அடுக்கி, இடையிடையே வெண்மையான சுண்ணாம்புக் காரை. கடப்பாரையால் தட்டினால் 'டொம்' என்று கேட்டது. உள்ளே வெற்றிடம்.

மாலைக்குள் தெருவே கூடிவிட்டது. "எத்தனை தலைமுறையாக மண்ணுக்குள் கிடந்ததோ, நாலு நாள் பொறுத்தால் என்னடா?" என்று அத்தை கேட்டார். யார் காதிலும் விழவில்லை. அடுத்த வாரம் பொக்லைன் வந்தது. ஒரே பகலில் வளைவு உடைந்து, உள்ளேயிருந்த சேறும் சுற்றியிருந்த மண்ணும் டிராக்டரில் ஏறி எங்கோ ஒரு தாழ்ந்த மனையை நிரப்பப் போய்விட்டன. அந்த மண்ணில் நான் பொறுக்கியவை மூன்று: நீலப் பூ வரைந்த பீங்கான் சில்லு, பச்சைக் கண்ணாடிப் புட்டியின் அடிப்பாகம், வெள்ளைக் களிமண்ணால் செய்த புகைக்குழாயின் தண்டு. இன்றும் ஒரு தகர டப்பாவில் வைத்திருக்கிறேன். அவை எந்த ஆழத்தில் கிடந்தன, வளைவுக்கு உள்ளேயா வெளியேயா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அந்த வருத்தம்தான் இதை எழுத வைக்கிறது. கடலூரிலும் புதுச்சேரியிலும் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு இது என்றைக்கு வேண்டுமானாலும் நேரலாம். செப்டிக் டேங்க் தோண்டும்போது, தென்னங்கன்று வைக்கும்போது, புதிதாகச் சம்ப் கட்டும்போது.

எதைக் கண்டாலும் சுரங்கம் என்பது

முதல் தவறு வாயில் பிறக்கிறது. வளைவு தெரிந்த உடனே "செஞ்சிக்குப் போகிற சுரங்கம்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். கடலூரில் இந்தப் பேச்சுக்கு ஒரு விதை உண்டு. ஆங்கிலேயர் 1690-இல் மராட்டியரிடமிருந்து வாங்கிய தேவனாம்பட்டினம் புனித டேவிட் கோட்டையில், மதிலுக்கு வெளியே இருந்த மண்சரிவுக்கு அடியில் கோட்டையைச் சுற்றி ஒரு நிலத்தடி வழி ஓடியது. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அந்தக் கோட்டையைப் பிடித்து அரண்களைத் தகர்த்தார். ஆனால் அது கோட்டைக் காவலுக்காகக் கோட்டையையே சுற்றிய வழி. ஊர் ஊராகப் போனதன்று. சில அடி தோண்டினாலே நீர் ஊறும் கடலோர மணலில், ஆறுகளுக்கு அடியில் காதக்கணக்கில் சுரங்கம் வெட்டி அதை உலர்வாக வைத்திருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று எண்ணிப் பாருங்கள்.

வீட்டுக் கொல்லையில் கிடைப்பவை பெரும்பாலும் நீரைச் சேர்ந்தவை. மூடிய கிணறு, சுடுமண் உறைகளை அடுக்கிய உறைகிணறு, மழைநீர்த் தொட்டி, செங்கல் வடிகால், பழைய மலக்குழி. உள்சுவரில் வழுவழுப்பான பூச்சு இருந்தால் நீர் தேக்கிய தொட்டி என்று எண்ண இடமுண்டு. தரை ஒரு பக்கமாகச் சரிந்தால் வடிகால். புதுச்சேரியில் இன்னொன்றும் உண்டு. 1761-இல் ஆங்கிலேயர் நகரைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765 முதல் பிரெஞ்சு ஆளுநர் லா தெ லோரிஸ்தோன் காலத்தில் நகரம் மீண்டும் எழுந்தது. ஆகவே அங்கே ஒரு வீட்டின் தோட்டத்தில் தெரியும் சுவர், இப்போதைய வீட்டுக்கும் முந்தைய வீட்டின் கடைக்காலாக இருக்கலாம். சுரங்கம் என்று பெயர் வைத்துவிட்டால் இவை எதுவும் கண்ணில் படாது. புதையல் ஆசையில் எல்லோரும் உடைக்கத்தான் பார்ப்பார்கள்.

உள்ளே இறங்குவது

இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் போவது உயிர். மூடிக் கிடந்த குழியில் மக்கிய இலையும் வேரும் ஆக்சிஜனைத் தின்றிருக்கும். வெளிக்காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 சதவீதம், அது 19.5-க்குக் கீழே போனாலே ஆபத்தான இடம் என்று கணக்கு. மலக்குழியாக இருந்தால் ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் சேரும். ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கின் நுகரும் திறனையே மரத்துப்போகச் செய்துவிடும்; நாற்றம் இல்லையே என்று நம்பி இறங்குபவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்கும் இரண்டாவது ஆளும் விழுவார். விஷவாயுச் செய்திகளில் ஒரே குழியில் இரண்டு மூன்று பேர் இறப்பது இப்படித்தான்.

விளக்கு இறக்கிப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மீத்தேன் இருந்தால் தீப்பிடிக்கும். ஹைட்ரஜன் சல்பைடு கொல்லும் அளவில் இருந்தாலும் சுடர் அணையாமல் எரியும். உள்ளே பார்க்க வேண்டுமானால் கைபேசியையும் டார்ச்சையும் ஒரு நீளக் கழியில் கட்டி, குழியின் வாய்க்கு வெளியே நின்று படம் எடுங்கள். யாராவது விழுந்துவிட்டால் 101-ஐ அழையுங்கள், நீங்கள் இறங்காதீர்கள். கூலி கொடுக்கிறோம் என்று ஒரு தொழிலாளியை இறக்குவது உங்கள் பிள்ளையை இறக்குவதற்குச் சமம்.

மண்ணைக் குப்பை என்று நினைப்பது

எங்கள் வீட்டில் நடந்த பெரிய இழப்பு வளைவு உடைந்தது அல்ல, மண் போனது. செங்கல்லுக்கு வாய் கிடையாது. அது எப்போது கட்டப்பட்டது என்பதை அதைச் சுற்றியுள்ள மண்ணின் அடுக்குதான் சொல்லும்.

இதற்குச் சான்று பக்கத்திலேயே இருக்கிறது. புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், அரிக்கமேடு என்ற பழைய துறைமுக மேட்டில் 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, இத்தாலியிலிருந்து வந்த செந்நிறப் பளபளப்புப் பாண்டங்களின் ஓடுகள் கிடைத்தன. அவற்றின் காலம் ஐரோப்பாவில் முன்பே தெரிந்தது. அவை எந்த அடுக்கில் கிடந்தன என்று குறித்துவைத்ததால், அதே அடுக்கில் கிடந்த நம் ஊர்ப் பாண்டங்களுக்கும் காலம் சொல்ல முடிந்தது. பிறகு 1989 முதல் 1992 வரை தொல்லியலாளர் விமலா பெக்லி குழுவினர் மீண்டும் அகழ்ந்து பழைய கணிப்புகளைத் திருத்தவும் முடிந்தது. அந்த ஓடுகளை யாராவது கூடையில் வாரிக் கொட்டியிருந்தால் அவை வெறும் அழகான சிவப்புச் சில்லுகளாகவே இருந்திருக்கும், என் தகர டப்பாவில் இருக்கும் மூன்றைப் போல.

ஆகவே பள்ளம் எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே நிறுத்துங்கள். பள்ளத்தின் சுவரில் மண் நிறம் மாறும் இடங்களை, ஓர் அளவுகோலை நிறுத்திவைத்துப் படம் எடுங்கள். இடம் மாறாத இரண்டு புள்ளிகளிலிருந்து, கிணற்று மேடை, வீட்டு மூலை போன்றவை நல்லவை, நாடாவால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வெளியே வந்துவிட்ட பொருள்களைக் கழுவ வேண்டாம். ஆழத்தைக் குறித்த சீட்டோடு தனித்தனிப் பையில் போடுங்கள். இதற்கெல்லாம் ஒரு மணி நேரம் போதும்.

மோட்டார் போட்டு இறைப்பதும் சிமெண்ட் பூசுவதும்

ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வந்து நிற்கும். தொட்டிக்குள் இருக்கும் நீரை மோட்டார் வைத்து இறைத்தால், வெளியே மண்ணில் நிற்கும் நீர் காலியான சுவரை உள்ளே தள்ளும். விரிசல் வழியாக நீரோடு நுண்மணலும் வந்துகொண்டே இருக்கும். அந்த மணல் வருவது உங்கள் வீட்டுக் கடைக்காலுக்கு அடியிலிருந்தோ பக்கத்து வீட்டு மதிலுக்கு அடியிலிருந்தோ. தை, மாசி கழிந்து நீர் இறங்கும்வரை பொறுங்கள்.

வளைவைப் பற்றியும் ஒரு சொல். வளைவுக் கூரை தன் பளுவை இரு பக்கமும் தள்ளி நிற்கிறது. பக்கத்து மண் எதிர்த்துத் தாங்குகிறது. ஒரு பக்க மண்ணை மட்டும் அள்ளினால் அது சரிந்துவிடும். அதன்மேல் லாரியோ கல் லோடோ நிறுத்தவும் கூடாது.

பழுது பார்க்க வேண்டி வந்தால் சுண்ணாம்புக் காரை தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள். சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். கடற்கரை உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, மெல்லிய செங்கல்லைப் பொடிப்பொடியாக உதிர்த்துவிடும்.

பத்திரத்தை நம்பி வாய் மூடுவது

பழைய கிரயப் பத்திரங்களில் 'நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம்' என்று சகல பாத்தியங்களும் எழுதியிருக்கும். அதைக் காட்டி, மண்ணுக்குள் இருப்பதெல்லாம் நமக்கே என்று வாதிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் அதற்கு மேலே நிற்கிறது. மண்ணில் மறைந்திருந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் பொருள் கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் கண்டெடுத்தவரின் பங்கு அரசுக்குப் போகும். ஓராண்டு வரை சிறையும் உண்டு. சிலையோ நாணயமோ நூறாண்டுக்கு மேற்பட்டதாக இருந்தால் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் சேரும். வெறும் செங்கல் கட்டுமானம் என்றாலும் வட்டாட்சியரிடம் ஒரு மனு கொடுத்து, நகலில் ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடலூரில் தமிழ்நாடு தொல்லியல் துறைக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கும், புதுச்சேரியில் பழைய வீடுகளுக்காக நெடுநாளாக உழைக்கும் இன்டாக் அமைப்புக்கும் படங்களை அனுப்பலாம்.

பீரங்கிக் குண்டு போன்ற இரும்பு உருண்டை கிடைத்தால் மட்டும் தொடவே வேண்டாம். 1783-இல் கடலூரில் பெரும் முற்றுகை நடந்தது. சில குண்டுகள் உள்ளே வெடிமருந்து அடைத்தவை. போலீசாருக்குச் சொல்லிவிடுங்கள்.

மூடுவதும் பாதுகாப்புதான்

திறந்ததைத் திறந்தே வைக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அளந்து, படம் எடுத்து, வல்லவர்கள் பார்த்த பிறகு, கட்டுமானத்தின்மேல் நீர் புகும் துணியை விரித்துச் சுத்தமான மணலால் மூடுவது தொல்லியலாளர்களே செய்கிற காரியம். இடிபாடுகளைக் கொட்டி மூடாதீர்கள். நாளைக்குத் தோண்டுபவருக்கு எது பழையது, எது நீங்கள் போட்டது என்று தெரியாமல் போய்விடும். மேலே துளசியோ நந்தியாவட்டையோ வைக்கலாம், மரம் வேண்டாம்.

சில ஆண்டுகளுக்குப் பிறகு அதே கொல்லையில் சம்ப்புக்குத் தோண்டியபோது, உடைந்துபோன வளைவோடு சேர்ந்த இன்னொரு சுவர் தெரிந்தது. இந்த முறை அத்தை மகன் வேலையை நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்தான். சம்ப் இடம் மாறியது, சுவர் மணலுக்குள் போனது. 'கிணற்று மேடையின் வடகிழக்கு மூலையிலிருந்து பதினோரு அடி, ஆழம் நாலே கால் அடி' என்று எழுதிய தாள் இப்போது வீட்டுப் பத்திரத்தோடு அத்தையின் இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது.