பிரசவ அறையிலேயே குருதிப்பெருக்கு ஒத்திகை: நடத்தும் முறை

பிள்ளை பிறந்த கையோடு தாய்க்கு இரத்தம் நிற்காமல் போனால் என்ன செய்ய வேண்டும் என்று அறையில் நிற்கிற எல்லாருக்கும் தெரியும். ஆனால் மருந்து எந்தத் தட்டில் கிடக்கிறது, கருப்பையை யார் தேய்ப்பது, போனை எடுப்பது யார் என்பதிலேயே நிமிடங்கள் கரைந்துவிடும். சிமுலேஷன் என்று சொல்லப்படும் இந்த ஒத்திகை அந்த நிமிடங்களை மீட்பதற்குத்தான். அதனால் அதைப் பயிற்சி மண்டபத்தில் வைக்காதீர்கள். யாழ்ப்பாணத்தில் தெல்லிப்பழையோ மந்திகையோ சாவகச்சேரியோ, எந்த ஆஸ்பத்திரியானாலும் நீங்கள் வேலை செய்கிற பிரசவ அறையில், அதே கட்டிலில், அதே அலமாரியை வைத்துச் செய்யுங்கள். விலை கூடிய பொம்மை தேவையில்லை.

முதலில் போலி இரத்தம். 3 மேசைக்கரண்டி சோளமாவைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். 2 லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைத்து அதில் ஊற்றிக் கிண்டி, சிவப்புக் கலறிங் 2 தேக்கரண்டியும் கோப்பித்தூள் அரைத் தேக்கரண்டியும் சேருங்கள். கோப்பி போடாவிட்டால் சர்பத் நிறம்தான் வரும். ஆறியபின் தேத்தண்ணி வடியால் இரண்டுமுறை வடிக்க வேண்டும். வடிக்காமல் விட்டால் கட்டி குழாயை அடைத்துக்கொள்ளும், இரத்தம் தானாக நின்றுவிடும், தங்கள் வைத்தியம் பலித்துவிட்டதென்று குழு நம்பிவிடும். இந்த வெயிலில் கரைசல் அடுத்த நாளே புளித்துவிடுவதால் அன்றன்றைக்குச் செய்வதே நல்லது.

தாயாக நடிக்க ஒரு மருத்துவிச்சியைக் கேளுங்கள். கரைசலை, சிறுநீர் சேகரிக்கும் 2 லீற்றர் பிளாஸ்டிக் பையில் நிரப்பி அவருடைய வயிற்றின் மேல் துணிக்குள் வையுங்கள். வெளிக்குழாய் தொடைகளுக்கு நடுவே வர வேண்டும். திருகு அவர் கைக்குள் இருக்கும். கூட்டுவதும் குறைப்பதும் அவர்தான். கருப்பைக்கு இரண்டு சிறு இறப்பர் பந்து போதும்: ஒன்று பாதிக் காற்று இறக்கியது (தளர்ந்து இரத்தம் விடும் கருப்பை), மற்றது இறுகியது (சுருங்கிய கருப்பை). ஒழுங்காகத் தேய்த்தால் மட்டும் இறுகிய பந்துக்கு மாற்றுவார். பொம்மையில் கிடைக்காத ஒன்றும் இவரிடம் கிடைக்கும்: "மிஸ், எனக்குத் தலை சுத்துது, கண் இருட்டிக்கொண்டு வருது" என்று ஒரு மனிசி சொல்லும்போது அறையின் வேகமே மாறும்.

அவருடைய உடம்பில் ஊசி ஏறக்கூடாது. சேலைன் குழாயைக் கையில் பிளாஸ்டர் போட்டு ஒட்டி, நுனியைக் கட்டிலுக்குக் கீழே வாளிக்குள் விடுங்கள். உட்பரிசோதனையை வாயால் சொன்னால் போதும். அதில் என்ன தெரிந்திருக்கும் என்பதை ஒத்திகை நடத்துனர் சொல்வார்.

மருந்து விஷயத்தில் மிகவும் கவனம் வேண்டும். ஒத்திகை அம்பியூல் (தண்ணீர் உள்ள ஊசிமருந்துக் குப்பி) ஒவ்வொன்றிலும் சிவப்பு மையால் "ஒத்திகைக்கு மட்டும்" என்று எழுதி, தனிப்பெட்டியில் எண்ணி வையுங்கள். முடிந்ததும் திரும்ப எண்ணுங்கள். ஒன்று தவறி அவசரத் தட்டில் தங்கிவிட்டால், அடுத்து வருகிற உண்மையான தாய்க்கு மருந்துக்குப் பதில் தண்ணீர் ஏறும். அதேநேரம், கருப்பையை இறுகவைக்கிற ஒக்ஸிடோசின் 2 முதல் 8 பாகை செல்சியசில் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிற மருந்து. அங்கே நடந்துபோய்க் கதவைத் திறந்து உண்மையானதைத் தொட்டுக் காட்டிய பிறகே ஒத்திகை அம்பியூலைக் கொடுங்கள். அந்த நடையும் நேரக் கணக்கில் சேரட்டும்.

தொடங்குமுன் 5 நிமிடம் ஒரு சிறு பரீட்சை வையுங்கள். ஓர் அணையாடையில் 100 மில்லிலீற்றர், விரிப்பில் 500, தரையில் 1000 என்று ஊற்றிவிட்டு, அளவை மதிப்பிட்டு ஆளுக்கொரு துண்டில் எழுதச் சொல்லுங்கள். பெரிய அளவுகளைக் கண் பெரும்பாலும் குறைத்தே மதிக்கும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த விரிவுரையும் காட்டாது. அதனால் நிறுக்கப் பழக்குங்கள்: நனைந்த அணையாடையின் நிறையிலிருந்து உலர் நிறையைக் கழித்தால், 1 கிராமுக்கு ஏறத்தாழ 1 மில்லிலீற்றர்.

குழுவில் 4 பேர்: ஒரு டொக்டர், இரண்டு தாதியர், ஒரு மருத்துவிச்சி. நடத்துனர் ஒருவர், மணிக்கூடும் பேனாவுமாய் நேரம் குறிப்பவர் இன்னொருவர். "இது பரீட்சை அல்ல, இங்கே நடப்பது இந்த அறைக்கு வெளியே போகாது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உண்மையான அவசரம் வந்தால் "ஒத்திகை நிற்பாட்டு" என்று யாரும் சத்தமிடலாம். வேறு தாய் பிரசவ வலியோடு இருந்தால் அன்றைக்குத் தொடங்கவே வேண்டாம்.

காட்சி 10 நிமிடம். தொடக்கத்தில் நாடி 96, பிறசர் 110/70. 3ஆவது நிமிடம் இழப்பு 500. நாடி 118, பிறசர் 96/58. 6ஆவது நிமிடம் இழப்பு 1000; நாடி 132, பிறசர் 84/50. கேட்டால் மட்டும் எண்ணைச் சொல்லுங்கள். பிறசர் பார்க்காதவருக்கு இலவசமாகக் கொடுக்காதீர்கள். 2025இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டலின்படி, நாடியோ பிறசரோ பிசகியிருந்தால் 300 மில்லிலீற்றரிலேயே சிகிச்சை தொடங்க வேண்டும். ஆகவே 500 வரை காத்திருந்த குழு பிந்திவிட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

எதிர்பார்க்கும் வேலைகள் ஐந்து: கருப்பையைத் தேய்த்தல், ஒக்ஸிடோசின், டிரனெக்ஸாமிக் அமிலம் (உறைந்த இரத்தம் கரையாமல் காக்கும் மருந்து), சேலைன், இரத்தம் வரும் இடத்தைத் தேடிப் பரிசோதித்தல். ஒக்ஸிடோசின் அளவு உங்கள் விடுதி நடைமுறையில் எழுதியிருக்கிறபடி. டிரனெக்ஸாமிக் அமிலம் 1 கிராம், நாளத்தில் 10 நிமிடமாக மெதுவாக, பிறப்பிலிருந்து 3 மணித்தியாலத்துக்குள். அதிகம் நடக்கிற பிழை, ஒன்று பலிக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றதைத் தொடங்குவது. ஐந்தும் ஒரே மூச்சில் ஓட வேண்டும். 2023இல் நான்கு ஆபிரிக்க நாடுகளின் ஆய்வு முடிவு வெளிவந்தது: இழப்பை அளந்து இவற்றைச் சேர்த்துச் செய்த இடங்களில் கடுமையான குருதிப்பெருக்கு ஏறத்தாழ 60 சதவீதம் குறைந்திருந்தது.

இரண்டாவது பிழை காற்றில் உத்தரவு போடுவது. "ஆராவது டிரனெக்ஸாமிக் போடுங்கோ" என்றால் ஒருவரும் அசைய மாட்டார்கள், அல்லது இருவர் ஓடுவார்கள். முகம் பார்த்து "மிஸ், நீங்கள் ஒரு கிராம் போடுங்கோ" என்று சொல்ல வேண்டும். அவர் "ஒரு கிராம், தொடங்கீற்றன், 10.04" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். அனுபவமுள்ள தாதி இளம் டொக்டரைத் திருத்த வாய் திறக்கிறாரா என்று பார்க்க, தாயின் அட்டையில் முன்கூட்டியே உயர் பிறசர் என்று எழுதிவையுங்கள். கருப்பையை இறுக்கும் இன்னொரு மருந்தான எர்கோமெட்ரின் பிறசரை ஏற்றும் என்பதால் அப்படிப்பட்ட தாய்க்குக் கொடுக்கக்கூடாது; டொக்டர் அதைக் கேட்டால் தாதி தடுக்க வேண்டும்.

பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பும் கட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். போனில் யார், என்ன வசனம், அம்புலன்சுக்குள் தேய்ப்பது யார் என்பதெல்லாம் வாய்விட்டு வர வேண்டும். கடலுக்கு நடுவே உள்ள நெடுந்தீவில் நடத்துவதென்றால் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகு கேட்பதே பாதி ஒத்திகை.

காட்சி 10 நிமிடமென்றால் பேச்சு 25 நிமிடம். கற்பது இங்கேதான் நடக்கிறது, இதைச் சுருக்கினால் மற்ற உழைப்பெல்லாம் வீண். முதலில் எல்லாரும் மூச்சு விடட்டும். பிறகு நேரக் குறிப்பை வைத்துக்கொண்டு, கண்டதைச் சொல்லிக் கேளுங்கள்: "4ஆவது நிமிடத்தில நீங்கள் அலமாரிக்கு ரெண்டுதரம் போனனீங்கள். அப்ப என்ன யோசிச்சனீங்கள்?" பதில் "திறப்பு எங்கே எண்டு தெரியேல்லை" என்று வரலாம். அப்போது திருத்த வேண்டியது ஆளை அல்ல, திறப்பு தொங்கும் இடத்தை. "ஏன் பிந்தினீங்கள்?" என்று தொடங்கினால் எல்லாரும் குனிந்துகொள்வார்கள், உண்மை வெளியே வராது. மூத்த டொக்டர் கடைசியாகப் பேசட்டும்.

முடிவில் மூன்று திருத்தங்களுக்கு மேல் எழுதாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள், ஒரு திகதி. மூன்று மாதத்தில் அதே காட்சியை இரவுப் பணிக் குழுவோடு நடத்தி, முதல் ஒக்ஸிடோசினுக்கு எத்தனை நிமிடம் எடுத்தது என்பதைப் பழைய தாளோடு ஒப்பிடுங்கள்.