பழைய ஆம்பில் ஹெட்போன்: வீங்கிய பேஸை அடக்கிய விதம்

ராயபுரம் வீட்டிலுள்ள பழைய ஸ்டீரியோ ஆம்பில் (ஆம்ப்ளிஃபையரில்) 32 ஓம் மின்தடையுள்ள ஹெட்போனைச் செருகினால் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, கும்மென்று வீங்கி, குரல் அமுங்கிவிடும். அதே ஹெட்போன் செல்போனில் சுத்தமாகப் பாடும்.

மூடியைக் கழற்றியதும் விஷயம் புரிந்தது. ஸ்பீக்கர் லைனிலிருந்து ஹெட்போன் ஜாக்குக்குப் போகும் வழியில் ஆரஞ்சு, ஆரஞ்சு, பிரவுன் பட்டை: 330 ஓம் ரெசிஸ்டர். ஹெட்போனின் தடை எல்லா ஸ்வரத்துக்கும் ஒன்றாக இருக்காது. பேஸ் இருக்கும் 100 ஹெர்ட்ஸ் பக்கம் 60 ஓம் வரை ஏறும். 330 ஓம் வழியாக வரும்போது அந்த இடத்தில் மட்டும் ஏறக்குறைய 5 டெசிபல் கூடிவிடும். பேஸ் பிரமாதம் என்று சிலர் ரசிப்பதும் இதைத்தான்!

பிளக்கைப் பிடுங்கி, கெபாசிட்டரில் தேங்கிய மின்சாரம் வடிந்தபின், ஜாக்கின் இடது முனைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்று, வலதுக்கும் அப்படியே. 330ஐத் தொடக்கூடாது. இப்போது ஜாக்கின் அவுட்புட் தடை சுமார் 9.7 ஓம், பேஸ் ஏற்றம் 1 டெசிபல்தான். சத்தம் 12 டெசிபல் குறையும். வால்யூமைத் திருப்பினால் போதும். ஸ்பீக்கரின் இரு முனையிலும் சிக்னல் ஓடும் பிரிட்ஜ் வகை ஆம்பில், ஜாக்குக்குத் தனி கிரவுண்ட் இல்லாததால், இதைச் செய்யாதீர்கள்.

கரகரப்பு மிச்சமிருந்தால் அது கடற்கரைக் காற்றில் அழுக்கேறிய ஜாக்காக இருக்கலாம்; ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துப் பாருங்கள்.