வாகனத்தில் போன், வீட்டில் லப்டொப்: ஹோல்டர் பூட்டுவதும் வீடியோ இறக்குவதும்

திருகோணமலை நிலாவெளியில் மதிய வெயிலுக்குள் காரை நிறுத்திவிட்டுக் கடலில் குளித்து வந்தால், காலையில் முன்கண்ணாடியில் கெட்டியாக நின்ற போன் ஹோல்டர் சீட்டுக்கடியில் கிடக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இது வழமை. ஹோல்டர் மலிவானது என்று கடைக்காரரைத் திட்டத் தேவையில்லை. உறிஞ்சிப் பிடிக்கும் கப்பின் ரப்பர் சூட்டில் இளகும், உள்ளே மிஞ்சியிருக்கும் துளிக் காற்று விரியும், பிடி தளரும். அதே போல, போனிலிருந்து வீடியோ இறக்கும்போது பாதியில் நின்றுபோனால் பெரும்பாலும் போனில் பழுதில்லை. கேபிளையும், கேபிள் போகும் துவாரத்தையும்தான் முதலில் பார்க்க வேண்டும். ஹோல்டரில் ஒட்டும் முகம், வீடியோ இறக்குவதில் கேபிள். இந்த இரண்டிலும் கவனம் வைத்தால் மற்றதெல்லாம் சின்ன வேலை.

எந்த ஹோல்டர்

உறிஞ்சிப் பிடிக்கும் கப், கண்ணாடி போன்ற வழுவழுப்பான முகத்தில் மட்டுமே நிற்கும். டாஷ்போர்ட்டின் பொரிபொரியான பிளாஸ்டிக்கில் நேரே அழுத்தினால் அந்தப் பள்ளங்களால் காற்று உள்ளே போய்விடும். அதற்காகத்தான் பெட்டிக்குள் ஒரு வட்டத் தட்டு தருகிறார்கள். தட்டை டாஷ்போர்ட்டில் ஒட்டி, கப்பைத் தட்டின் மேல் வைக்க வேண்டும். கப்பின் அடியில் ஒட்டும் ஜெல் இருந்தால், தூசி பிடித்துப் பிடி போனதும் எறிய வேண்டாம். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீர், விரலால் தேய்த்து அலசி, துடைக்காமல் காற்றில் உலர விடுங்கள். துணியால் துடைத்தால் நூல் திரும்ப ஒட்டிக்கொள்ளும். ஒட்டும் தன்மை பெரும்பாலும் மீண்டுவிடும்.

எங்கள் வெயிலுக்கு நம்பக்கூடியது இரட்டைப் பக்க ஒட்டு நாடாவில் நிற்கும் ஹோல்டர்தான், அதாவது 3எம் விஎச்பி வகை நாடா உள்ளது. ஆனால் அதையும் ஒட்டும் முறையில்தான் முக்கால்வாசிப் பேர் கெடுக்கிறார்கள். டாஷ்போர்ட் மினுங்க அடிக்கும் சிலிக்கன் பொலிஷின் மேல் எந்த நாடாவும் நிற்காது. முதலில் சவர்க்காரத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடையுங்கள். பிறகு ஐசோபுரொப்பைல் அல்ககோலும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். நாடாவின் தாளை உரித்தபின் விரலால் தொடக் கூடாது. வைத்து 15 செக்கன் பலமாக அழுத்துங்கள். சாதாரண அறை வெப்பநிலையில் இந்த நாடா 20 நிமிடத்தில் அரைவாசிப் பிடிமானமும், 24 மணித்தியாலத்தில் 90 வீதமும், 72 மணித்தியாலத்தில் முழுப் பிடிமானமும் எடுக்கும். ஒட்டிய கையோடு போனை மாட்டிப் பார்ப்பவர்தான் அடுத்த கிழமை புது நாடா தேடி டவுனுக்குப் போகிறவர். பின்னேரம் ஒட்டி, ஒரு நாளாவது வெறுமனே விடுங்கள்.

கழற்ற வேண்டி வந்தால் கத்தி வைக்க வேண்டாம். தலைமுடி உலர்த்தியால் சற்றுச் சூடாக்கி, தூண்டில் நைலோன் நூலை நாடாவுக்குள் கொடுத்து இரு கையாலும் அறுப்பது போல இழுங்கள். இந்த ஊரில் அந்த நூலுக்குப் பஞ்சமில்லை.

ஏசி துவாரத்தில் கொளுவும் ஹோல்டருக்கு ஒரு பெரிய நன்மை உண்டு: குளிர்காற்று போனின் முதுகில் படும். வெயில் ஊருக்கு இது சின்ன விடயமில்லை. குறை, துவாரத்தின் மெல்லிய பிளாஸ்டிக் தகடுகள். உறையோடு சேர்த்து 200 கிராமைத் தாண்டும் போன்கள் இன்று சாதாரணம். பழைய வாகனத்தின் காய்ந்த தகடு குழியில் ஒரு குலுக்கலோடு உடையும். கொளுக்கி வைத்துத் திருகி இறுக்கும் வகையும், கீழே டாஷ்போர்ட்டில் ஊன்றும் ஒரு காலும் உள்ளதாக வாங்குங்கள். வட்டத் துவாரங்களுக்கு இந்த வகை பெரும்பாலும் சரிவராது.

காந்த ஹோல்டர் ஒரு கையால் வைத்தெடுக்கச் சுகம். ஆனால் போனின் முதுகில் ஒட்டும் இரும்புத் தகடு வயர் இல்லாத சார்ஜைத் தடுக்கும், தகடும் சூடேறும். 2020இல் வந்த ஐபோன் 12 முதல் மாக்சேஃப் காந்தம் உள்ளேயே இருப்பதால் பெரும்பாலான மொடல்களுக்குத் தகடு தேவையில்லை. போனுக்கு உறை போட்டால் அதுவும் மாக்சேஃப் உறையாக இருக்க வேண்டும். தடித்த சாதாரண உறைக்கு மேல் காந்தம் பாதிப் பலம்கூடக் காட்டாது.

எங்கே பூட்டுவது

எங்கள் வாகனங்களுக்கு ஸ்டீரிங் வலப்பக்கம். ஆகவே ஹோல்டர் ஸ்டீரிங்குக்கு இடப்பக்கம், டாஷ்போர்ட் நடுவில், கண்ணை ஒரு சாண் இறக்கினால் தெரியும் உயரத்தில் இருக்கட்டும். வலது ஓரத் துவாரமும் நல்ல இடம்தான், சார்ஜ் கேபிள் ஒன்றரை மீற்றராவது இருந்தால். கண்ணாடியின் நடுவில், பார்வைக்கு நேரே வைப்பது வேண்டாம். பக்கத்துச் சீட்டுக்கு முன்னால் எயார்பேக் என்று எழுதியிருக்கும் மூடியின் மேலும் வேண்டவே வேண்டாம். எயார்பேக் வெடித்தால் ஹோல்டர் கல்லாகப் பறந்து வரும். பாதை பார்ப்பதென்றால் புறப்படுமுன் இடத்தைப் போட்டுவிடுங்கள். ஹோல்டரில் இருந்தாலும் ஓடும்போது தட்டச்சு செய்வது கையில் பிடித்துக் கதைப்பதற்குச் சமம்தான்.

போனையே டாஷ்கேமாக, அதாவது வீதியைப் பதியும் கெமராவாகப் பாவிப்பவருக்கு இடம் வேறு. உள்கண்ணாடிக்குப் பின்னால், வைப்பர் துடைக்கும் வட்டத்துக்குள் லென்ஸ் வர வேண்டும். இதைக் கவனிக்காமல் மூலையில் ஒட்டினால் மார்கழி மழையில் வெறும் நீர்த்துளிதான் பதிவாகும்.

கை நீண்ட ஹோல்டர் கடையில் வடிவாகத் தெரியும், வீதியில் ஆடும். குட்டைக் கைதான் நல்லது. போனைப் பிடிக்கும் பக்கக் கவ்விகள் பவர் பட்டனையோ சத்தப் பட்டனையோ அழுத்துகின்றனவா என்று பாருங்கள். போன் தானாக அணைகிறது, அவசர அழைப்புத் திரை வருகிறது என்ற முறைப்பாடுகளில் பல இந்தக் கவ்வியால்தான். போனை சற்று மேலேயோ கீழேயோ நகர்த்தினால் முடிந்தது.

ஆட்டோவிலும் மோட்டார் சைக்கிளிலும் ஹாண்டிலில் பூட்டுபவர்கள் அதிர்வை யோசிக்க வேண்டும். பலம் கூடிய மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அதிர்வு ஐபோன் கெமராவின் உள்ளே இருக்கும் நடுக்கம் தடுக்கும் பொறிமுறையைக் கெடுக்கலாம் என்று 2021இல் அப்பிளே எச்சரித்தது. ரப்பர் அதிர்வுத் தாங்கி உள்ள ஹோல்டர் கொஞ்சம் உதவும். ஆட்டோவில் சார்ஜருக்கு வயர் இழுத்தால் பற்றரிக்குக் கிட்டவாக 3 அம்பியர் ஃபியூஸ் ஒன்று போட்டு, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் வயரில் இணையுங்கள். நேரே பற்றரியில் கொடுத்தால் சார்ஜர் இரவு முழுக்கச் சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

சார்ஜும் சூடும்

மேப் ஓட, திரை முழு வெளிச்சத்தில் எரிய, ரேடியோ செட்டில் உள்ள பழைய யூஎஸ்பி துவாரத்தில் சொருகியிருந்தும் சார்ஜ் இறங்குகிறதென்றால் காரணம் எளிது. அந்தத் துவாரங்களில் பல அரை அம்பியர்தான் கொடுக்கும், 5 வோல்ட்டில் அது இரண்டரை வொட். சிகரெட் லைட்டர் சொக்கெட்டில் 18 வொட் அல்லது கூடிய 'பவர் டெலிவரி' (PD) வகை வேக சார்ஜர் வைத்தால் போதும்.

சூடு இதைவிடப் பெரிய வில்லன். ஐபோனைப் பாவிக்க அப்பிள் சொல்லும் வெளி வெப்பநிலை 0 முதல் 35 பாகை செல்சியஸ், பாவிக்காமல் வைக்க 45 பாகை வரை. கோணேசர் கோயிலுக்குப் போய்வரும் நேரத்துக்குள் மூடிய கார் அதைத் தாண்டிவிடும். எந்தப் போனாக இருந்தாலும் சூடு கூடினால் திரையை மங்கலாக்கும், சார்ஜை நிறுத்தும், கடைசியில் பதிவையும் நிறுத்தும். காரை நிறுத்தினால் போனைக் கையோடு எடுத்துப் போங்கள். ஓடும்போது சூடேறினால் உறையைக் கழற்றி, ஏசி காற்றைத் திருப்பி விடுங்கள். ஐஸ் பெட்டிக்குள் வைத்துக் குளிரவைக்கும் புத்திசாலித்தனம் வேண்டாம், உள்ளே நீர் கோர்க்கும்.

பதிவு எவ்வளவு இடம் எடுக்கும்

ஐபோன் காட்டும் கணக்கில், 1080பி 30 பிரேம் வீடியோ ஒரு நிமிடம் ஏறத்தாழ 60 எம்பி, 4கே 30 பிரேம் 170 எம்பி. இது வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் எச்இவிசி முறையில். கந்தளாய் தாண்டி ஹபரணை வரை ஒன்றரை மணித்தியால ஓட்டத்தை 1080பியில் பதிந்தால் 5.4 ஜிபி, 4கேயில் 15 ஜிபிக்கு மேல். ஆனை கடக்கும் காட்சிக்கு 1080பி தாராளம்.

கேபிளால் இறக்குவது

சார்ஜ் ஏறுவதால் கேபிள் நல்லது என்று முடிவு கட்ட வேண்டாம். மலிவுக் கேபிள்கள் பலவற்றில் மின் வயர் மட்டும்தான், தரவு வயர் இல்லை. போனோடு வந்த கேபிளை வாகனத்தில் விடாமல் வீட்டில் வையுங்கள். வாகனத்துக்கு வேறொன்று வாங்கலாம்.

அன்ட்ரொய்ட் போனில்: கேபிளைச் சொருகி, திரைப் பூட்டைத் திறவுங்கள். மேலிருந்து அறிவிப்புத் திரையை இழுத்தால் 'சார்ஜிங் திஸ் டிவைஸ் வயா யூஎஸ்பி' என்று ஒன்று நிற்கும். அதைத் தொட்டு 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' தெரிவு செய்யுங்கள். விண்டோஸில் 'திஸ் பீசி' திறந்தால் போனின் பெயர் வரும். அதற்குள் இன்டர்னல் ஸ்டோரேஜ், டிசிஐஎம், கெமரா என்று ஒவ்வொரு ஃபோல்டராக இறங்குங்கள். பெயர் தெரிகிறது, உள்ளே காலி என்றால் போன் பூட்டியிருக்கிறது, அல்லது இன்னும் சார்ஜ் நிலையில்தான் இருக்கிறது. வட்ஸ்அப்பில் வந்த படங்கள் டிசிஐஎம்முக்குள் இல்லை. அன்ட்ரொய்ட், மீடியா, கொம்.வட்ஸ்அப், வட்ஸ்அப், மீடியா என்று இறங்க வேண்டும்.

கொப்பி மட்டும் செய்யுங்கள், கட் செய்ய வேண்டாம். இடையில் கேபிள் அசைந்தால் இரண்டு பக்கமும் இல்லாமல் போகக்கூடியது கட் செய்த வீடியோதான். போனில் இருந்தபடியே லப்டொப்பில் வீடியோவைத் திறந்து பார்ப்பதும் வேண்டாம், இழுபடும். யூஎஸ்பி 2.0 கேபிளில் நடைமுறையில் செக்கனுக்கு 30, 40 எம்பி வரும். மேலே சொன்ன 5.4 ஜிபி மூன்று நிமிடத்துக்குள் முடியும். அரை மணித்தியாலம் காட்டுகிறது என்றால், இடையில் யூஎஸ்பி ஹப் (பல துவாரப் பெட்டி) இருந்தால் அதைக் கழற்றி நேரே லப்டொப்பில் சொருகுங்கள்.

இணைப்பு விட்டு விட்டு வந்தால் போனின் துவாரத்தை ரொர்ச் அடித்துப் பாருங்கள். சட்டைப்பைப் பஞ்சு அடைந்திருந்தால் போனை அணைத்துவிட்டு மரப் பல்குத்தியால் மெதுவாக எடுக்கலாம், ஊசி கூடாது. கடற்கரையோரம் வைத்துப் பாவித்த கேபிளின் முனையில் பச்சைக் களிம்பு தெரிந்தால் அந்தக் கேபிளைக் கழித்துவிடுங்கள். அதைத் தொடர்ந்து சொருகினால் களிம்பு போனின் துவாரத்துக்கும் தொற்றும்.

ஐபோனை விண்டோஸில் சொருகினால் 'டிரஸ்ட்' கேட்கும், கடவு எண்ணைக் கொடுங்கள். கேட்கவே இல்லையென்றால் மைக்ரோசொஃப்ட் ஸ்டோரில் அப்பிள் டிவைசஸ் செயலியைப் போடுங்கள். கொப்பி பாதியில் நின்று, 'சாதனம் இயங்கவில்லை' என்ற பொருளில் ஒரு பிழை வந்தால் காரணம் போன் ஒவ்வொரு வீடியோவையும் அனுப்பும்போதே வேறு வடிவத்துக்கு மாற்ற முயல்வதுதான். செட்டிங்ஸில் ஃபோட்டோஸ் பக்கத்தின் அடியில் 'டிரான்ஸ்ஃபர் டு மாக் ஓர் பீசி' என்பதில் 'கீப் ஒரிஜினல்ஸ்' வையுங்கள். பிறகு லப்டொப்பில் வீடியோ ஓடவில்லையென்றால் விஎல்சி பிளேயர் போடுங்கள், காசு கொடுத்து எச்இவிசி நீட்சி வாங்க வேண்டியதில்லை. ஐகிளவுடில் 'ஒப்டிமைஸ் ஸ்டோரேஜ்' போட்டவருக்குச் சில வீடியோக்கள் போனிலேயே முழுதாக இருக்காது. அவற்றை முதலில் போனுக்குத் தரவிறக்க வேண்டும்.

கேபிள் இல்லாவிட்டால்

அன்ட்ரொய்டுக்கும் விண்டோஸுக்கும் கூகுளின் குவிக் ஷேர், ஐபோன் உட்பட எல்லாவற்றுக்கும் லோக்கல்சென்ட் என்ற செயலி. இரண்டு சாதனமும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். விருந்தினர் விடுதிகளின் வைஃபையில் ஒன்றையொன்று காணாவிட்டால், அங்கே சாதனங்களைப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். போனின் ஹொட்ஸ்பொட்டில் லப்டொப்பை இணைத்து அனுப்புங்கள். இதற்கு டேட்டா செலவாகாது. ஆனால் லப்டொப் இணையம் கிடைத்த சந்தோசத்தில் விண்டோஸ் அப்டேட்டை இழுக்கத் தொடங்கும், ஆகவே அன்ட்ரொய்ட் போனென்றால் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு அனுப்புங்கள். அதன் பின்னும் லப்டொப் தெரியாவிட்டால், விண்டோஸில் அந்த வைஃபையை 'பிரைவேட்' ஆக மாற்றிப் பாருங்கள்.

புளூடூத்தை மறந்துவிடுங்கள். 5.4 ஜிபிக்கு ஆறு மணித்தியாலம் போகும். வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் நசுங்கும். டொக்யுமென்டாக அனுப்பினால் நசுங்காது, ஒரு ஃபைல் 2 ஜிபி வரைதான்.

இரட்டை முனை பென் டிரைவ் நல்ல மாற்று. '4 ஜிபிக்கு மேல் போகாது, ஆனால் இடம் இருக்கிறது' என்று அது அடம்பிடித்தால் ஃபட்32 வடிவத்தில் இருக்கிறது என்று அர்த்தம். உள்ளே இருப்பதை எடுத்து வைத்துவிட்டு எக்ஸ்ஃபட் வடிவத்தில் ஃபோர்மட் செய்யுங்கள்.

போனில் அழிக்குமுன்

இரண்டு பக்கமும் ஃபைல்களின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிடுங்கள். பெரிய வீடியோவின் கடைசி ஒரு நிமிடத்தை லப்டொப்பில் ஓட்டிப் பாருங்கள். பாதியில் அறுந்த கொப்பி முதல் நிமிடத்தில் காட்டிக்கொடுக்காது. கூகுள் ஃபோட்டோஸில் பக்கப் செய்தவர்கள் அங்கே அழித்தால் இணையத்தில் இருக்கும் பிரதியும் சேர்ந்தே போகும் என்பதை மறக்க வேண்டாம். அழித்த பிறகும் இடம் கூடவில்லையே என்று பார்த்தால், ஐபோனில் 'ரீசன்ட்லி டிலீட்டட்' பெட்டியில் 30 நாள் கிடக்கும், அன்ட்ரொய்டில் பின் அல்லது டிராஷ் என்ற பெட்டியில் கிடக்கும். அதையும் காலி செய்தால்தான் அடுத்த பயணத்துக்கு இடம் வரும்.