சமையலறையில் ஒரு கொலை: உணவு சார்ந்த மர்ம நாவல் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேட்டரிங் நடத்துபவரோ பேக்கரி வைத்திருப்பவரோ துப்பறிவாளராகிவிட, கொலை விசாரணைக்கு நடுவே சமையல் குறிப்புகளும் இடம்பெறும் நாவல் வகை அமெரிக்காவில் 1980களிலிருந்து தழைத்து வருகிறது. 1982இல் வர்ஜீனியா ரிச் எழுதிய முதல் நாவலை இவ்வகையின் முன்னோடியாகச் சொல்வார்கள். இதைப் படித்துவிட்டுத் தாமும் எழுதிப் பார்க்க ஆசைப்படுவோர் பலர் கொலையைக் கவனமாகத் திட்டமிட்டுவிட்டுச் சமையலில் கோட்டை விடுகிறார்கள்.

அடுப்புக்கென்று ஒரு கணக்கு உண்டு என்பதை மறப்பதுதான் முதன்மையான தவறு. கதாநாயகி பத்தே நிமிடத்தில் வெங்காயத்தைக் கரும்பழுப்பாக வதக்கிப் பிரெஞ்சு வெங்காய சூப் வைத்துவிட்டாள் என்று எழுதினால், சமைக்கத் தெரிந்த வாசகர் அதன்பின் வரும் எதையும் நம்பமாட்டார். மெல்லிய தீயில் முக்கால் மணி நேரமாவது கிளறிக்கொண்டிருந்தால்தான் அந்த நிறமும் இனிப்பும் வரும். உண்மையில் அந்த முக்கால் மணி நேரம் எழுத்தாளருக்குக் கிடைத்த வரம். கொலை நடந்த வேளையில் அடுப்படியிலேயே நின்றதாகச் சொல்பவரின் பாத்திரத்தில் வெங்காயம் வெளிறிக் கிடந்தால், வேறு சாட்சி எதற்கு? ஈஸ்ட் சேர்த்துப் பிசைந்த ரொட்டி மாவும் இப்படித்தான். விரலால் அழுத்தும்போது குழி மெதுவாக மேலெழுந்தால் மாவு பதமாக இருக்கிறது. குழி அப்படியே நின்று மாவும் தளர்ந்து அமுங்கினால், அதைப் பிசைந்தவர் திரும்பி வரவேண்டிய நேரம் எப்போதோ கடந்துவிட்டது. ஒருமுறை உருகி மறுபடி இறுகிய சாக்லேட்டின் மேல் வெண்மை பூத்திருப்பதும், அந்தப் பெட்டி வெயிலில் நின்ற காரில் இருந்ததைக் காட்டிக் கொடுக்கலாம்.

ரோல்ட் தால் 1953இல் வெளியிட்ட புகழ்பெற்ற சிறுகதையில், உறைந்த ஆட்டுத்தொடையால் கணவனை அடித்துக் கொன்ற பெண், அதையே அடுப்பில் வேகவைத்து, ஆயுதத்தைத் தேடி வந்த காவலர்களுக்கு உணவாக்கிவிடுகிறாள். அந்தத் தொடை மாலையில் அடுப்பேறுகிறது. காவலர்கள் அதைச் சாப்பிட உட்காரும்போது இரவு ஒன்பதை ஒட்டிவிடுகிறது. உறைந்த இறைச்சி வேக அத்தனை நேரம் பிடிக்கத்தான் செய்யும் என்பதால், நம்பமுடியாத அந்த நிகழ்ச்சியை நாம் மறுபேச்சின்றி நம்பிவிடுகிறோம்.

அடுத்த தவறு, ஒரு வாய் விழுங்கியதும் மேசையிலேயே சாய்ந்துவிடும் விருந்தாளி. விரைந்து கொல்லும் நஞ்சுகள் சில உண்டு என்றாலும் எல்லாமே அப்படியல்ல. டெத் கேப் எனப்படும் ஐரோப்பியக் காளானைத் தின்றவருக்கு ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ எதுவும் தெரியாது. பிறகு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்து, அடுத்து உடல் தேறிவிட்டதுபோல் ஓர் இடைவெளி தோன்றும், அந்த இடைவெளியில்தான் கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். அதற்குள் விருந்தினர்கள் கலைந்து, தட்டுகள் கழுவப்பட்டு, மிச்சம் குப்பைக்குப் போயிருக்கும். விசாரணைக்கு இதைவிடச் சுவையான சிக்கல் வேறு கிடைக்காது; ஆனால் உடனடி மரணத்தின் பரபரப்புக்காக அதைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். சுவையையும் கவனிக்க வேண்டும். முதல் உலகப் போர்க்காலத்தில் மருத்துவமனை மருந்தகத்தில் பணியாற்றிய அகதா கிறிஸ்டி, ஸ்ட்ரிக்னைன் என்ற நஞ்சின் கடுங்கசப்பைக் கோகோ மறைக்காது என்பதைத் தம் முதல் நாவலிலேயே விசாரணையின் ஒரு கண்ணியாக்கினார். சயனைடின் கசப்பு வாதுமை மணத்தை எல்லோராலும் உணர முடியாது என்பதும் பலர் மறந்துவிடும் செய்தி.

சமையல்காரர் வெறும் ஆர்வத்தால் துப்பறியக் கிளம்புவது பலவீனமான தொடக்கம். டயான் மோட் டேவிட்சனின் கேட்டரிங் நாயகி கோல்டி, 1990இல் வந்த முதல் நாவலில், தான் பரிமாறிய நிகழ்ச்சியில் ஒருவருக்கு நஞ்சு வைக்கப்பட்டதால் தொழிலே நின்றுபோன நிலையில்தான் களத்தில் இறங்குகிறாள். பிழைப்பு போகிறது என்பதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

உணவு வருணனையை வெறும் தோரணமாகத் தொங்கவிடுவதும் வீண். தின்பண்டத்தைப் பற்றிப் படிக்கும்போது வாசகரின் எச்சரிக்கை தளர்ந்துவிடுவதால், தடயத்தை ஒளித்துவைக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. வழக்கமாகச் சேர்க்கும் ஒரு பொருள் அன்று மட்டும் சேர்க்கப்படவில்லை என்பதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுக் கடந்துவிடலாம்.

கடைசியாக, குறிப்புகள். பிணத்தைக் கண்டெடுத்த அடுத்த பக்கத்தில் கேக் செய்முறை வந்தால் பதற்றம் வடிந்துவிடும். அத்தியாய முடிவோ நூலின் இறுதியோ அதற்குப் பொருத்தம். தாமே செய்து பார்க்காத குறிப்பை அச்சிடவே கூடாது, ஏனெனில் கொலையாளியையே மன்னிக்கும் வாசகர்கூட வீணான வெண்ணெயை மன்னிப்பதில்லை. அமெரிக்கக் கோப்பை ஏறத்தாழ 240 மில்லிலிட்டர் என்பதைக் குறிப்பிடாவிட்டால், வாசகர் தம் வீட்டு டம்ளரால் அளந்துவிடுவார். அடுப்பு வெப்பத்தை வெறுமனே 350 டிகிரி என்று எழுதினால், அது பாரன்ஹீட் என்று அறியாமல் செல்சியஸில் வைத்தவரின் பிஸ்கட்டுகள் கரியாகிவிடும். சரியான அளவு சுமார் 177 டிகிரி செல்சியஸ்.