பயிற்சி தொடங்குமுன் 15 நிமிடம்: அணியில் பையன்களிடம் பேசுவது எப்படி

பெண்கள் மீதான வன்முறையைப் பற்றி வீரர்களிடம் பேச வேண்டும் என்றால், ஆண்டுக்கு ஒருமுறை எல்லோரையும் ஹாலில் உட்கார வைத்து யாரையாவது அழைத்துப் பேசவிடுவதுதான் வழக்கம். அது அன்று மாலையே மறந்துபோகும். அமெரிக்காவின் ‘கோச்சிங் பாய்ஸ் இன்டு மென்’ திட்டத்தில் பேசுபவர் அணியின் கோச். வாரம் ஒருமுறை, 10–15 நிமிடம், சுமார் 12 வாரம். மும்பையில் ஐ.சி.ஆர்.டபிள்யூ. (பெண்கள் பற்றி ஆய்வு செய்யும் சர்வதேச அமைப்பு) இதையே கிரிக்கெட் கோச்சுகளை வைத்து ‘பரிவர்த்தன்’ என்று நடத்தியது.

முதல் வேலை கோச்சிடம்தான். “பொம்பள மாதிரி எறியாதே”, “வளையல் போட்டுக்கோ” என்று மைதானத்தில் கத்துபவர் மரியாதையைப் பற்றிப் பேசினால் பையன்கள் உள்ளுக்குள் சிரிப்பார்கள். சீசன் தொடங்குமுன் உதவிக் கோச்சுகளும் சேர்ந்து அந்தச் சொற்களை விட்டுவிட வேண்டும். பையன்கள் தவறு செய்தால் என்ன தண்டனை என்பதையும் அப்போதே எழுதி வையுங்கள். பைனலுக்கு முந்தைய நாள் கேப்டனே மாட்டினாலும் அதே தண்டனைதான். அங்கே வளைந்து கொடுத்தால், அதுவரை பேசிய வாரங்கள் அத்தனையும் வீண்.

பயிற்சி முடிந்தபின் பேசாதீர்கள். களைத்துப்போய் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருப்பார்கள். வார்ம்-அப்புக்கு முன் அரைவட்டமாக உட்கார வையுங்கள், வெயில் உங்கள் முகத்தில் படும்படி. வாரத்துக்கு ஒரே ஒரு விஷயம்: கேலிப் பேச்சு, போன் வழித் தொல்லை, சம்மதம், ‘எத்தனை பேரை மடக்கினேன்’ என்ற பெருமை, காதலில் கட்டுப்படுத்துவது.

ஒரு சூழலைச் சொல்லிக் கேள்வி கேளுங்கள். உதாரணமாக: அணியின் வாட்ஸாப் குரூப்பில் ஒருவன் தன் முன்னாள் காதலியின் படத்தைப் போடுகிறான். நீ என்ன செய்வாய்? முதலில் மௌனம்தான் வரும். பத்து நொடி பொறுங்கள், நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள். பிறகு யாராவது “அவனை அடிப்பேன்” என்பான். அதற்கு முன்னால் செய்யக்கூடியவற்றை அவர்கள் வாயாலேயே வரவையுங்கள்: பார்வர்டு செய்யாமல் இருப்பது, “எடுடா அதை” என்று குரூப்பிலேயே எழுதுவது, தனியே கூப்பிட்டுப் பேசுவது, கோச்சிடம் சொல்வது. பையன்களைக் குற்றவாளிகளாகப் பார்க்காமல், தடுக்கக்கூடியவர்களாகப் பார்த்துப் பேசினால்தான் காது கொடுப்பார்கள்.

“உன் தங்கச்சியா இருந்தா சும்மா இருப்பியா?” என்ற கேள்வி வேண்டாம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தங்கச்சி அல்லாதவளுக்கு மரியாதை தேவையில்லை என்பது அதற்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. தங்கச்சியைக் காவல் காக்கும் உரிமை தனக்கு உண்டு என்றும் பையன் எடுத்துக்கொள்வான்.

சில வாரங்களில் யாராவது தனியே வந்து ஏதாவது சொல்லக்கூடும். “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். 18 வயதுக்குட்பட்டவர் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் போலீசில் தெரிவிப்பது போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி கட்டாயம். தவறினால் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. இதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். 1098 (குழந்தைகள் உதவி எண்), 181 (பெண்கள் உதவி எண்) இரண்டையும் உடைமாற்றும் அறைச் சுவரில் ஒட்டுங்கள்.

சீசன் முடிந்ததுமே நடத்தை மாறிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ பகுதிப் பள்ளிகளில் ‘கோச்சிங் பாய்ஸ்’ திட்டத்தைப் பற்றி நடந்த ஆய்வில் முதலில் கூடியது, தலையிடுவேன் என்ற எண்ணம்தான். காதல் உறவில் செய்யும் வன்முறை குறைந்திருப்பது, ஓராண்டு கழித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதனால் அடுத்த சீசனுக்கும் நேரம் ஒதுக்கி வையுங்கள்.