உடும்புக் கூண்டுக்குச் சூடு: ஒற்றை பல்பு செய்கிற வேலை

தண்ணீர்த் தொட்டிக்கு மேலே பல்பு தொங்கவிடாதீர்கள், ஒயரில் டேப் சுற்றி ஒட்டுப்போடாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெங்களூரில் சவானா மானிட்டர் என்கிற ஆப்பிரிக்க உடும்புக்கு எட்டடி நீளம், நாலடி அகலம், நாலடி உயரத்தில் கூண்டு அடித்துவிட்டு, சூட்டில் கோட்டை விடுகிறவர்களுக்குத்தான் இது. பலர் சென்னையில் வளர்க்கிற நண்பரின் கணக்கை அப்படியே போட்டிருப்பார்கள். அங்கே ஜனவரி ராத்திரியிலும் வெளியே 20 டிகிரி இருக்கும். இங்கே 15, 16-க்கு இறங்கும்.

நம்ம ஊர் உடும்பு

வளர்க்கவே கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வெளிநாட்டு வகைக்கும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு வேண்டும்.

ஒற்றை பல்பு

பலர் மாட்டுவது, கோழிக்குஞ்சுக்குப் போடுகிற 250 வாட் சிவப்பு புரூடர் பல்பு ஒன்று. உடும்பு படுத்துக் காய்கிற கல்லுக்கு 20 செ.மீ. மேலே தொங்கவிட்டு, தொடாமலே சூட்டை அளக்கிற டெம்பரேச்சர் கன்னைக் கல்லில் காட்டினால் 60 டிகிரி. "கரெக்டா வந்துடுச்சு" என்று திருப்தி.

கன் பொய் சொல்லவில்லை. ஆனால் வெயில் காயப்போவது கல் இல்லை, உடும்பு. வளர்ந்த சவானா படுத்தால் அதன் முதுகு கல்லைவிட 10 செ.மீ. உயரத்தில் இருக்கும். அதாவது பல்புக்கும் முதுகுக்கும் நடுவே 10 செ.மீ.தான். தூரம் பாதியானால் விழுகிற வெப்பம் ஏறக்குறைய நாலு மடங்கு. கல்லில் 60 காட்டிய பல்பு முதுகில் என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சுட்டால் நகர்ந்துவிடாதா என்பார்கள். நகராது. வெளிச்ச வட்டம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுதான். தோள் காய்கிறது; இடுப்பும் வாலும் சில்லென்று கிடக்கின்றன. உடம்பு மொத்தமும் சூடேறாததால் அது அங்கேயே கிடக்கும். தின்ற இரை செரிக்காது, தோல் மட்டும் பொசுங்கும். முதலில் தோளுக்குப் பின்னால், முதுகின் மிக உயரமான இடத்தில், செதில்கள் பளபளப்பு இழக்கும். அடுத்த முறை தோல் உரியும்போது அந்த இடம் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். பிறகு ஒரு ரூபாய்க் காசு அளவில் பழுப்புத் திட்டு, அப்புறம் கறுத்த பொருக்கு. அதைப் பூஞ்சை என்று நினைத்துக் களிம்பு தடவி, அதே பல்புக்குக் கீழே திரும்ப விடுகிறார்கள்.

எரிச்சல் மூட்டுவது அதைவிட இது: "நாள் பூரா பல்புக்கு அடியிலேயே கிடக்குது, சூடு பத்தலை போல" என்று பல்பை இன்னும் நாலு விரற்கடை இறக்குவது!

செய்ய வேண்டியது இதுதான். வெளிச்சம் 30 டிகிரி கோணத்தில் விரிகிற 100 வாட் பார்38 ஹாலஜன் (ஒளியைக் குவித்து அடிக்கிற பல்பு) மூன்று. கல்லிலிருந்து 45 செ.மீ. உயரத்தில், 16 செ.மீ. இடைவெளி விட்டு வரிசையாக. ஒவ்வொன்றும் கல்லில் 24 செ.மீ. வட்டம் போடும். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி 55 செ.மீ. நீளத்துக்கு வெளிச்சம் கிடைக்கும். மூக்கிலிருந்து வால் தொடங்குகிற இடம்வரை அதற்குள் அடங்கிவிடும். முதுகு இப்போது 35 செ.மீ. தூரத்தில் இருப்பதால், கல்லைவிட ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல்தான் வெப்பம் விழும்.

பெங்களூர் எஸ்.பி. ரோட்டு எலெக்ட்ரிக்கல் கடைகளில் கேட்கும்போது கவனம். அதே வடிவத்தில் எல்.ஈ.டி. வருகிறது, கடைக்காரர் அதைத்தான் எடுத்து நீட்டுவார். அதில் வெளிச்சம் வரும், சூடு வராது. ஹோல்டர் பீங்கானில் வாங்குங்கள், பிளாஸ்டிக் இளகிவிடும். கூடவே பல்பின் சூட்டைக் கூட்டிக் குறைக்க 650 வாட் விளக்கு டிம்மர் ஒன்று. ஃபேன் ரெகுலேட்டரை மாட்டாதீர்கள். ஸ்டெப் ரெகுலேட்டருக்குள் இருப்பது கெப்பாசிட்டர், இந்த லோடுக்கு அது ஒத்துவராது. உடும்பு எட்டிப் பிடிக்காதபடி பல்புகளைச் சுற்றிக் கம்பி வலை.

கல்லுக்குப் பாலிஷ் போடாத கடப்பா, 2 செ.மீ. கனம், இரண்டடிக்கு ஒன்றரை அடி. பாலிஷ் கல்லில் கன் காட்டுவது சற்றுத் தப்பலாம். விளக்குப் போட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து அளந்து, டிம்மரைத் திருகி 55-ஐ ஒட்டி நிறுத்துங்கள். கல் நிற்கிற செங்கல் கூண்டின் தரையைத் தொட வேண்டும், மண்ணில் நிற்கக் கூடாது. அடியில் தோண்டுகிற உடும்பின் மேல் கல் சரிந்துவிடும்.

12 மணி நேரத்துக்கு 3.6 யூனிட், மாதம் 108. கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டு ஒரு பல்பைக் கழற்றுவதாக இருந்தால், முதலிலேயே வளர்க்காமல் இருக்கலாம்.

மேலே வலை

சூடான காற்று மேலே போகும். வலை போட்டால் வீட்டு ஹால்தான் காயும், மண்ணின் ஈரமும் கூடவே போகும். மூடி, பக்கம் எல்லாம் 18 மி.மீ. பிளைவுட். காற்றுக்குப் பக்கவாட்டில் இரண்டு சிறிய திறப்பு போதும். கூண்டை டைல்ஸ் தரையில் நேராக வைக்காமல், அடியில் தெர்மகோல் பலகை கொடுங்கள்.

கல்லின் மேல் தெர்மோஸ்டாட் சென்சார்

தெர்மோஸ்டாட் என்பது, வைத்த டிகிரி வந்ததும் தானாக அணைக்கிற கருவி. அதை 33-இல் வைத்துச் சென்சாரைக் கல்லில் போட்டால், 33 டிகிரியிலேயே விளக்கு அணையும், கல் ஒருநாளும் காயாது. பகல் விளக்குக்கு டைமர் போதும்.

கரண்டில் காய்கிற செயற்கைக் கல்

தூக்கிப் போடுங்கள்.

ராத்திரி

சிவப்பு பல்பு வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் வெளிச்சம் இல்லாத 150 வாட் செராமிக் ஹீட்டர் ஒன்றைத் தெர்மோஸ்டாட்டில் மாட்டி, 23 டிகிரியில் வையுங்கள். இதற்கான சென்சார் குளிர்ந்த பக்கத்து நிழலில் இருக்க வேண்டும். ஹீட்டருக்கும் கம்பி வலை கட்டாயம். ஹீட்டரைத் தொட்டால் தோல் வெந்துவிடும்.

மின்வெட்டுக்குப் பயந்து இதையெல்லாம் இன்வெர்ட்டரில் போடாதீர்கள், பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். இரண்டடி ஆழத்துக்கு ஈரமண் இருந்தால், அதில் ஏறிய சூடு சில மணி நேரம் தாங்கும். வளைக்குள் போய் உடும்பு தன்னைப் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் அந்த மண் சும்மா இல்லை. எட்டுக்கு நாலு அடிக் கூண்டில் இரண்டடி என்றால் ஏறக்குறைய இரண்டரை டன். வீட்டுத் தளங்களைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற கணக்கில்தான் கட்டுகிறார்கள். இந்தக் கூண்டு பிடிக்கிற மூன்று சதுர மீட்டருக்கு 600 கிலோ. மாடி வீடு என்றால் இந்தக் கூண்டு கிடையாது. மண் நிறைத்தபின் நகர்த்தவும் முடியாது, ஆகவே பிளக் பாயிண்ட் எந்தச் சுவரில் என்று பார்த்துவிட்டே இடம் பிடியுங்கள்.