டப்ளின் ஷெல்போர்ன் ஹோட்டல்: தங்காமலே பார்க்கலாம்

டப்ளின் நகர மையத்தில் செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் பூங்காவுக்கு எதிரே இருக்கும் ஷெல்போர்ன் ஹோட்டலின் வாடகையைப் பார்த்துத் தலை சுற்றினால், அறை எடுக்காமல் ஒரு டீக்கு மட்டும் போய் வாருங்கள். சாண்ட்விச், கேக் எல்லாம் சேர்ந்து வரும் மதிய டீயும் மலிவில்லைதான், அதையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், ஆனாலும் அறை வாடகைக்கு முன் அது ஒன்றுமே இல்லை.

1824-ல் மார்ட்டின் பர்க் என்பவர் அடுத்தடுத்த மூன்று வீடுகளை வாங்கி ஆரம்பித்த இடம் இது. அயர்லாந்தின் 1922 அரசியல் சாசன வரைவு இங்கே 112-ம் எண் அறையில்தான் எழுதப்பட்டது. வாசலில் விளக்கேந்தி நிற்கும் நான்கு பெண் சிலைகளோ பிரான்சில் வார்த்தவை! அடிமைப் பெண்களின் உருவம் என்ற சந்தேகத்தில் 2020-ல் அவற்றைக் கழற்றினார்கள், அப்புறம் அப்படி இல்லை என்று தெரிந்து அதே ஆண்டில் திரும்ப வைத்தார்கள்.

அறை எடுப்பதாகவே இருந்தால் பூங்கா பக்கம் பார்த்த அறையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரக்பி போட்டி நடக்கும் வார இறுதிகளைத் தவிருங்கள், நகரம் முழுக்கவே விலை எகிறும். அங்குள்ள பிளக் சதுரமான மூன்று முனை வகை, நம் ஊர் சார்ஜர் நுழையாது, அடாப்டர் அவசியம். ஐரிஷ் காலை உணவுத் தட்டில் கறுப்பு வட்டமாக ஒன்று இருக்கும், அது பன்றி ரத்தத்தில் செய்த பிளாக் புட்டிங். பக்கத்திலேயே வெள்ளையாக இருப்பதில் ரத்தம் இல்லை, சரி, ஆனால் அதுவும் பன்றிதான்.

டீ முடிந்ததும் பக்கத்து கில்டேர் தெருவில் திரும்பினால் தேசிய தொல்லியல் அருங்காட்சியகம், அனுமதி இலவசம்.